பழைய வெப்லிக்கு ஏன் இந்த விலை?

ஒரே கண்ணாடி அலமாரி. ஒரு பக்கம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1950களில் செய்த வெப்லி ரிவால்வர். பூச்சு போய் வெளுத்த குழல், ஓரம் உடைந்த கைப்பிடி. மறுபக்கம் கான்பூரில் செய்த புத்தம் புது ரிவால்வர், எண்ணெய் வாசனை போகாமல். இரண்டும் .32 அளவு. இரண்டிலும் ஆறு தோட்டா. இரண்டிலும் போடுவது ஒரே ரகத் தோட்டாதான். ஆனால் பழையதற்குக் கடைக்காரர் சொல்லும் விலை, புதியதன் விலையைப் போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருக்கும். பேரம் பேசினால் அவர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். துணியால் ஒருமுறை துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். நாளைக்கு வேறொருவர் வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த விலையின் காரணம் சுங்கச் சாவடியில் இருக்கிறது. 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. அதோடு நாட்டில் இருக்கும் வெளிநாட்டு ரிவால்வர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நின்றுபோனது. துருப்பிடித்தும், திருட்டுப்போயும், காவல் நிலையக் கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்தும் அது குறையலாமே தவிர கூட வழியில்லை. கேட்பவர்களுக்கோ குறைவில்லை. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 டிசம்பர் இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அதில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். தமிழ்நாட்டில் 22,532. மீரட் பக்கம் கல்யாண வீட்டில் மாமனார் இடுப்பில் ரிவால்வர் தெரிவது அந்தஸ்து. மதுரையில் அது விசாரணைக்குரிய விஷயம். (கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கத்துக்கு 2019ல் வந்த சட்டத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. வானம் தப்பினாலும் மொட்டை மாடியில் நிற்பவர்கள் தப்புவதில்லை என்பதுதான் காரணம்.)

உரிமம் கிடைத்த கையோடு கடைக்கு வருபவருக்குத் தேர்வு அதிகமில்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற அளவுகள் ‘தடை செய்யப்பட்ட’ பட்டியலில் உள்ளன. சாதாரண உரிமதாரருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, கொஞ்சம் .22. பழைய வெளிநாட்டு ரிவால்வரில் அவர் லட்சங்களைக் கொட்டும்போது, அதில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு பற்றாக்குறைக்கு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் இதே வெப்லி, நல்ல நிலையில் இருந்தால், டாலர் கணக்கில் சில நூறுகளுக்குக் கைமாறுகிறது.

பேரத்துக்கு முன் பிரேமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டர், குழல், விசை, கைப்பிடி எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் உடல்தான் பிரேம். ரிவால்வர்களை அதன் பருமனை வைத்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிப்பது அமெரிக்க வழக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899ல் கொண்டுவந்த ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ ரகம்தான் நடுத்தரத்துக்கு இலக்கணம். ‘கே’ பிரேம் என்று பின்னால் பெயர் பெற்ற இது .38 தோட்டா ஆறு கொள்ளும். நாலு அங்குலக் குழலுடன் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் 1980களில் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கும்வரை பல பத்தாண்டுகள் இடுப்பில் சுமந்தது இதையும் இதன் தம்பிகளையும்தான். 1950ல் அதே நிறுவனம் சட்டைப்பை அளவுக்கு ஐந்து தோட்டாவுடன் செய்தது சிறிய பிரேம்.

இந்தியக் கடையில் இந்த வித்தியாசம் விலையில் தெரிவதில்லை. இங்கே விலை நிர்ணயிப்பது குழலில் பொறித்த பெயர். அமெரிக்க .32 ரிவால்வர்களில் பெரும்பாலானவை சிறிய பிரேமில் செய்தவை, நடுத்தர பிரேமில்.32 வந்தது மிகக் குறைவு. ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் பணத்தை எண்ணுபவர், தான் கேள்விப்பட்ட போலீஸ் ரிவால்வர் வேறு, கையில் இருப்பது வேறு என்பதைக் கவனிப்பதில்லை. சிறியதை மறைத்து எடுத்துப்போவது சுலபம். குறி பார்த்துச் சுடுவது கடினம். நடுத்தரம் இதற்கு நேர் எதிர். வயலுக்கு நடுவே வீடும், சுவர் ஏறி வரும் பயமும் உள்ளவருக்கு எது தேவை, நகைப்பெட்டியோடு ரயிலில் போகிறவருக்கு எது தேவை என்பது அவரவர் யோசிக்க வேண்டியது.

வெப்லியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளிடம் இருந்த .38 ‘மார்க் 4’ நடுத்தர அளவு, அதே வடிவத்தில்.32லும் அந்த நிறுவனம் செய்தது. அமெரிக்க ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். வெப்லியிலோ மேலே இருக்கும் தாழை விடுவித்தால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து கீலில் மடங்கி முன்னால் சாயும். நட்சத்திர வடிவத் தகடு எழுந்து ஆறு வெற்றுத் தோட்டாவையும் ஒரே தள்ளில் வெளியேற்றும். பார்க்க அழகு, வேகமும் அதிகம். ஆனால் வெடிப்பின் அதிர்ச்சி முழுவதையும் தாங்குவது மேலே உள்ள தாழும் கீழே உள்ள கீலும்தான். பழைய வெப்லியின் உடல்நலம் இந்த இரண்டு இடத்தில்தான் தெரியும்.

கான்பூரின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகச் செய்துவரும் .32 ரிவால்வர் இந்த வெப்லியின் வாரிசு. அதே மடங்கும் குழல், அதே தாழ். ஆகவே ‘வெப்லியா, கான்பூரா’ என்ற கேள்வி ஒரே குடும்பத்துத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே. தாத்தாவின் வேலைப்பாடு மேல் என்பதில் சந்தேகமில்லை. பர்மிங்ஹாம் தொழிலாளி கையால் இழைத்து இழைத்துப் பொருத்திய பாகங்கள் அவை. விசையை இழுத்தால் வெண்ணெய். கான்பூர் விசை முரடு. பழைய தயாரிப்புகளில் உள்ளே பிசிறு கூடச் சரியாக எடுத்திருக்காது. ஆனால் பேரனுக்கு வயது குறைவு, உதிரி பாகம் கிடைக்கும், முதல் சொந்தக்காரர் வாங்குபவரேதான். இந்த மூன்றையும் பணமாக மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

கான்பூரும் சும்மா இருக்கவில்லை. 2014ல் பெண்களின் கைப்பைக்கென்று டைட்டானியம் கலந்த உலோகத்தில் அரைக் கிலோ எடையில் ‘நிர்பீக்’ வந்தது. விலை 1,22,360 ரூபாய். டெல்லியில் 2012 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்குப் பலியான பெண்ணின் நினைவாக வைத்த பெயர். நாலு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, அதற்கு முன் உரிமத்துக்குப் பல மாதம் அலைந்து, எத்தனை பெண்கள் இதை வாங்கியிருக்க முடியும் என்று அப்போதே கேள்வி எழுந்தது. 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ வந்தது: 76 மி.மீ. குழல், 675 கிராம், வரி நீங்கலாக விலை சுமார் 1.4 லட்சம். இதில் சிலிண்டர் அமெரிக்க பாணியில் பக்கவாட்டில் திறக்கிறது. ஐம்பது மீட்டர் வரை சுடும் என்று அறிவித்தார்கள். மூன்று அங்குலக் குழலில், பயத்தில் நடுங்கும் கையில், பத்து மீட்டரைத் தாண்டினால் எல்லாம் தெய்வாதீனம். ஆனால் கீலும் தாழும் தளரும் தொல்லை இதில் இல்லை.

மூன்றாவதாக ஒரு விசித்திரமும் சேர்ந்தது. 2020ல் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனமே லக்னோ நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, லட்டுக்குப் பேர்போன சண்டீலாவில், ஹர்தோய் மாவட்டத்தில், .32 ரிவால்வர் செய்யப் போவதாக அறிவித்தது. விலை சுமார் 1.6 லட்சம் என்றார்கள். வெப்லியின் தாய்நாட்டிலோ, டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 1996ல் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1997ல் கொண்டுவந்த சட்டங்களால் சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே ஏறக்குறைய முடியாமல் போனது. பர்மிங்ஹாமில் வைத்துக்கொள்ள முடியாத பர்மிங்ஹாம் ரிவால்வருக்குத்தான் கான்பூரில் லட்சக்கணக்கில் விலை.

சரி, பழையதுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கடையில் என்ன பார்ப்பது?

முதலில், கையில் வாங்கியதும் திறந்து ஆறு அறையும் காலி என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் மறுபடி பார்க்க வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. பார்க்காமல் வாங்குபவரைத்தான் நல்ல கடைக்காரர் சந்தேகமாகப் பார்ப்பார். சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பிச் சிலிண்டரை மூடுபவர் கையில் கடைக்காரர் இரண்டாவது துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார். சிலிண்டரைத் தாங்கும் கை வளைவது அப்படித்தான்.

வெப்லியாக இருந்தால், மூடிய நிலையில் ஒரு கையில் குழலையும் மறு கையில் கைப்பிடியையும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால், எவ்வளவு சிறிதானாலும், தாழ் தேய்ந்திருக்கிறது அல்லது கீல் தளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யத் தெரிந்த கைவினைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தாழைச் சுற்றி, பிரேமின் மேற்புறத்தில், மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். விரிசல் இருந்தால் அது அலங்காரப் பொருள்; சுடுவதற்கில்லை.

அடுத்தது சுத்தி. பழைய வேட்டைக்காரர்கள் ‘குதிரை’ என்று சொல்வது இதைத்தான். கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தி முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு அறைக்குச் சரியாக இருந்தால் போதாது. ஆறையும் சோதிக்க வேண்டும். ஐந்தில் பூட்டி ஆறாவதில் பூட்டாத ரிவால்வர்கள் உண்டு. பூட்டவில்லை என்றால் தோட்டா அறையும் குழலும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். சுடும்போது ஈயக் குண்டின் ஓரம் குழலின் பின்விளிம்பில் சீவப்பட்டு, துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கன்னம் அதற்கு வழியில் இருந்தால் கன்னத்தில். பழைய கோல்ட் ரிவால்வர்களில் இந்த நோய் அதிகம். சுடும் கணத்தில் சிலிண்டரை இறுக்கிப் பிடிப்பதற்காக, அதைச் சுற்றும் நெம்புகோலின் அழுத்தம் அதில் விடாமல் இருக்கும். புதிதாக இருக்கும்வரை கெட்டி, தேய்ந்தால் தொல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர் முன்னாலும் பின்னாலும் பூட்டிக்கொள்வதால் சற்றுப் பொறுமைசாலி.

சுத்தியைப் பின்னால் நிறுத்தி வைத்து, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பார்ப்பது இன்னொரு சோதனை. விழக்கூடாது. விழுந்தால், விசையை லேசாக்குகிறேன் என்று யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். அலமாரியிலிருந்து தவறி விழுந்தால் வெடிக்கும் ரிவால்வர் அதுதான். இவற்றுக்கெல்லாம் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, போலித் தோட்டா போட்டுச் செய்வதே மரியாதை. காலி அறையில் சுத்தியைத் திரும்பத் திரும்ப விழவிட்டால் அதன் முனை உடையக்கூடும். எழுபது வருடத்துப் பொருளுக்கு மாற்று முனை தேடுவது வாங்கியவர் தலைவலி.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், இருக்கவும் வேண்டும். கால் மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிவாயு வீணாகும், விரலும் பத்திரமில்லை. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் டேப்பெட் சரிசெய்ய வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். அதுவும் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு: தாராளமாக நுழைந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். கூடவே சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். அது அதிகம் ஆடினால் இடைவெளிக் கணக்கே பொய்யாகிவிடும்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது எல்லாரும் தேடுவது பளபளப்பை. தேட வேண்டியது ஒரு வளையத்தை. உள்ளே நடுவில் எங்காவது கறுப்பு வட்டம் போலத் தெரிந்தால், அங்கே குழல் வீங்கியிருக்கிறது. மருந்து வலுவிழந்த பழைய தோட்டா ஒன்று பாதி வழியில் சிக்கியிருக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருப்பார்கள். இந்தியாவில் இது நடக்கக் காரணம் உண்டு. ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று உரிமத்தில் வரம்பு இருப்பதால், வாங்கியதைச் சுடாமல் இருபது முப்பது வருடம் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். தேவை வரும்போது தோட்டாவுக்கு வயதாகிவிடுகிறது. பழைய தோட்டாவின் கதை சரித்திரத்திலும் உண்டு. 1940 மார்ச் 13ம் தேதி லண்டன் காக்ஸ்டன் ஹாலில் மைக்கேல் ஓ’டயரை உத்தம் சிங் சுட்டது ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரால்தான். அதில் இருந்தவை பழைய தோட்டாக்கள், அந்த ரிவால்வரின் அளவுக்குச் சற்றுச் சிறியவை என்பது வழக்கு விசாரணையில் வெளிவந்தது. ஓ’டயர் இறந்தார்; மேடையில் இருந்த மற்ற மூவர் காயத்தோடு பிழைத்தார்கள்.

அளவுக் குழப்பம் .32லும் உண்டு. ‘.32’ என்ற ஒரே எண்ணைப் பல தோட்டாக்கள் பகிர்ந்துகொள்கின்றன. கான்பூர் ரிவால்வரும் .32 வெப்லியும் கேட்பது 1896ல் பிறந்த ‘.32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்’: ஏறக்குறைய 23 மி.மீ. நீளக் கூடு, ஆறு கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக் குண்டு, வினாடிக்கு இருநூறு மீட்டரைச் சற்றே தாண்டும் வேகம். சாதுவான தோட்டா. நடுத்தர பிரேமில் உதைப்பே தெரியாது. ஆனால் மிகப் பழைய சிறு ரிவால்வர்கள் சில இதைவிடக் குட்டையான .32க்குச் செய்தவை; லாங் அவற்றுக்குள் போகாது. .32 பிஸ்டல் தோட்டா இன்னொரு ஜாதி. கடைக்காரர் கைவசம் உள்ள தோட்டாவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ‘பொருந்துகிறது’ என்றால் போதாது. குழலில் என்ன பொறித்திருக்கிறது, உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது, பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்ற மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தேறிய ரிவால்வர் கூட வாங்கியவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியும். அதற்கு வழி செய்வது பெரும்பாலும் அந்தப் பளபளப்புதான்.

பழைய ரிவால்வரை விற்பதற்கு முன் மெருகேற்றுவது வழக்கம். துருவைத் தேய்த்து எடுத்து, நீலக்கறுப்புப் பூச்சை மறுபடி ஏற்றுவார்கள். தேய்க்கும் சக்கரத்துக்குத் துருவும் எழுத்தும் ஒன்றுதான். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், சோதனைச் சாலை முத்திரை எல்லாம் மங்கிப்போகும். 1959ம் வருட ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவு இதில் இரக்கமே காட்டுவதில்லை. தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. அடையாளம் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், இல்லையென்று நிரூபிக்கும்வரை, அழித்தவர் அவர்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று கைக்கு முன்னால் எவரோ போட்ட மெருகுக்கு, கடைசியாக வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கோடு விழுந்து வெளுத்துப்போய், எண் மட்டும் கூர்மையாகத் தெரியும் வெப்லி, முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னும் வெப்லியைவிட மேல். எழுத்துகளின் ஓரம் உருண்டு மழுங்கியிருந்தால், திருகாணித் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தால், அது புதுப்பித்தது. கடைக்காரர் ‘ஒரிஜினல் பூச்சு சார்’ என்று சத்தியம் செய்தாலும் சரி.

குழலை வெட்டிக் குட்டையாக்கிய ரிவால்வர்களும் வருகின்றன. இதற்கும் தனி அனுமதி இல்லாமல் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 6வது பிரிவு. குழல் வாயின் வட்டம் கோணலாக இருப்பதும், முன் குறிமுனை வேறு நிறத்தில் பற்றவைத்ததுபோல் இருப்பதும் அடையாளம்.

முத்திரைகள் இன்னொரு விதத்திலும் பேசும். பிரிட்டனில் விற்ற துப்பாக்கி ஒவ்வொன்றும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்க்கப்பட வேண்டும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 முதல் இதைச் செய்துவருகிறது. வெப்லியின் குழலிலும் சிலிண்டரின் ஒவ்வொரு அறையின் பக்கத்திலும் மகுடத்தோடு கூடிய குட்டி முத்திரைகள் இருக்க வேண்டும். பிரிட்டன் வழியாக வந்த அமெரிக்கத் துப்பாக்கிகள் சிலவற்றில் ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்று ஆங்கிலேயர் வெடுக்கென்று பொறித்திருப்பார்கள். கல்கத்தாவின் ராடா, மான்டன் போன்ற பழைய கடைகளின் பெயர் பொறித்தவை வந்தால் மதிப்பு கூடும். (1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சிக்காரர்கள் ஒரு மாட்டுவண்டியில் ஐம்பது மௌசர் பிஸ்டல்களைக் கடத்தியது இந்த ராடா கம்பெனிச் சரக்கிலிருந்துதான்.) முத்திரையே இல்லாத வெப்லி, எழுத்துப் பிழையோடு கூடிய வெப்லி, ஒரு பக்கம் இங்கிலாந்து என்றும் மறுபக்கம் அமெரிக்க நிறுவனப் பெயரும் பொறித்த வெப்லி எல்லாம் எங்கோ ஒரு பட்டறையில் பிறந்தவை. எல்லைக்கு அப்பால் தர்ரா ஆதம் கேல் பட்டறைகள் இப்படிப்பட்ட பிழைகளுக்கே பேர்போனவை.

பிறகு காகிதம். இறக்குமதி நின்ற பிறகும், வெளிநாட்டில் வசித்துத் திரும்பியவர்கள் சாமான்களோடு ஒரு துப்பாக்கி கொண்டுவர விதி இடம் கொடுத்தது. ஆனால் அப்படிக் கொண்டுவந்ததை விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. மற்றவற்றைவிடப் புதுசாக, நல்ல நிலையில், ‘துபாய்க்காரர் கொண்டுவந்தது’ என்ற அறிமுகத்தோடு ஒரு ரிவால்வர் வந்தால், முதலில் கேட்க வேண்டியது சுங்க ரசீது. அதில் நிபந்தனை இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் தொடக்கூடாது.

பெரும்பாலான நல்ல ரிவால்வர்கள் சந்தைக்கு வருவது சாவு வீட்டிலிருந்து. சொந்தக்காரர் இறந்ததும் வாரிசு துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது விற்கலாம். 2016ம் வருட ஆயுத விதிகளின்படி, எழுபது வயது ஆனாலோ இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி உண்டு. இது தெரியாத குடும்பங்கள்தான் அதிகம். ஒப்படைத்த ரிவால்வர் ஒரு மழைக்காலம் கிடங்கில் கிடந்தாலே உள்ளே புள்ளி விழுந்துவிடும். அந்த வீட்டு அம்மாளுக்கோ அதன் விலையும் தெரியாது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம். வாங்கி விற்பவர்கள் லாபம் பார்ப்பது இந்த இடத்தில்தான். 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் கொடுத்தபோதும் இதே கதைதான். அவசரத்தில் விற்பவருக்கு ஒரு விலை, அலமாரிக்கு வந்தபின் இன்னொரு விலை.

தனியாரிடமிருந்து நேரடியாக வாங்குபவர், விற்பவர் செய்ய வேண்டிய ஒன்றையும் சரிபார்க்க வேண்டும். விற்கும் எண்ணத்தை மாவட்ட மாஜிஸ்டிரேட்டிடமோ பக்கத்துக் காவல் நிலைய அதிகாரியிடமோ எழுத்தில் தெரிவித்து, நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சல். ஆனால் வாங்குபவருக்குக் கிடைக்கும் நல்ல அவகாசமும் இதுதான்: விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றா, உரிமம் தேசியப் பதிவில் ஏறி அடையாள எண் பெற்றிருக்கிறதா, முந்தைய சொந்தக்காரரிடமிருந்து இவருக்கு வந்த காகிதம் எங்கே என்றெல்லாம் தேடிப் பார்க்கலாம். தெரிந்த கைவினைஞர் ஒருவரை அழைத்துப்போய் மறுபடி ஒருமுறை சுத்தியை மெல்ல இழுத்துப் பார்க்கலாம்.

அந்த நாற்பத்தைந்து நாளும் ரிவால்வர் விற்பவர் பெயரிலேயே இருக்கும். முன்பணம் கொடுத்தவர் கையில் இருப்பது ரசீது மட்டும். அதில் ‘வெப்லி ரிவால்வர் ஒன்று’ என்று எழுதித்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். வரிசை எண்ணையும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும். எழுதுவதற்கு முன், அதைக் குழலில் விரலால் தடவிப் பார்த்துப் படிக்க வேண்டும்.